வீட்டுக்கு ஹாட் டப் வாங்குமுன்: கொங்குப் பக்கத்துக்கு எந்த பிராண்ட் ஒத்துவரும்?

ஹாட் டப் என்பது பம்ப் ஓட்டி ஜெட் முனைகளால் வெந்நீரைப் பீய்ச்சுகிற, நாலைந்து பேர் உட்காரும் தொட்டி. அதை வாங்கலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் தேடிப் படிப்பது அமெரிக்காவிலிருந்து வருகிற பிராண்ட் வரிசைகளைத்தான். ஹாட் ஸ்பிரிங் மேலா, ஜக்குஸி மேலா, புல்ஃப்ராக் எப்படி, காற்றடைக்கிற இன்டெக்ஸே போதுமா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது பனி கொட்டுகிற ஊருக்குப் போட்ட வரிசை. அங்கே தொட்டியின் சூடு வெளியே போகாமல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஈரோட்டில் சித்திரை மாதம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கையே வைக்க முடியாது. நமக்கு முதல் கேள்வி தண்ணீர். இரண்டாவது, பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள் என்பது. இந்த இரண்டையும் முன்னால் வைத்துப் பார்த்தால் அந்த வரிசை அப்படியே மாறிப்போகிறது.

எங்கள் குடும்பத்தில் இரண்டு வீட்டுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று, கோவை நகருக்குள் அப்பாவும் அம்மாவும் இருக்கிற வீடு. அங்கே சிறுவாணித் தண்ணீர். இன்னொன்று, காங்கயம் பக்கம் அக்கா வீட்டுத் தோட்டம். அங்கே ஆயிரம் அடி போர். அம்மாவுக்கு மூட்டுவலி, மச்சானுக்கு இடுப்பு வலி. தேவை கிட்டத்தட்ட ஒன்றுதான். இருந்தும் இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு பதில்தான் கிடைத்தது.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். போர் தண்ணீர் ஓடுகிற வீட்டில் ரெண்டு வருடம் ஆன கீசரைத் திறந்து அதன் எலிமெண்ட்டை எடுத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் பிளம்பர் கழற்றிக் காட்டியபோது உள்ளே இருந்த கம்பியே தெரியவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளையாகக் கல் கட்டி, தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு சூடு பட்டதும் பிரிந்து, எது அதிகச் சூடோ அதன் மேல் போய் ஒட்டும். ஹாட் டப்பில் ஒரே தண்ணீர் மாதக்கணக்கில் ஹீட்டர் வழியாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதனால் ஹீட்டர், ஜெட் முனைகள், பம்ப்பின் மெக்கானிக்கல் சீல் எல்லாம் மெதுவாக அடைபடும். பத்து லட்சம் கொடுத்து வாங்கின டப்பாக இருந்தாலும் இதுதான் கதி.

குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கிற சுண்ணாம்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை பொறுக்கலாம். ஹாட் டப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 150 முதல் 250 வரை. காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் இதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். சிறுவாணித் தண்ணீருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: அது அவ்வளவு மென்மை. கடினத்தன்மை மிகக் குறைவாக இருந்தாலும் தண்ணீர் உலோகப் பாகங்களை அரிக்கும், நுரையும் கட்டும். ஆனால் குறைவாக இருப்பதைக் கொஞ்சம் கால்சியம் போட்டுச் சரிசெய்துவிடலாம். கூடுதலாக இருப்பதை எடுப்பதுதான் செலவு.

ஆர்ஓ போட வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் முக்கி, ‘ஆயிரத்து இருநூறுங்க’ என்று சொல்வார். அது டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்த்த கணக்கு. அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அது சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து மொத்தக் கடினத்தன்மையை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அந்த ஒரு தாள் கையில் இருந்தால் டீலரிடம் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இப்போது பிராண்டுக்கு வருகிறேன். ஹாட் ஸ்பிரிங் 1977இல் தொடங்கியது. இப்போது அமெரிக்காவின் மாஸ்கோ குழுமத்தைச் சேர்ந்த வாட்கின்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஓடும் தண்ணீர் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்ற அமைப்பு, முதுகை மேலும் கீழுமாக நீவிக்கொண்டே நகர்கிற ஜெட், உப்பிலிருந்து தானே குளோரின் தயாரித்துக்கொள்கிற வசதி: இவைதான் அதன் பெயரைத் தூக்கி நிறுத்தியவை. கடைசியாகச் சொன்ன உப்பு வசதிதான் நமக்குச் சிக்கல். அதற்குக் கடினத்தன்மை மிகக் குறைந்த தண்ணீர் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். மற்ற ஹாட் டப்களுக்குச் சொல்லும் அளவையும்விடக் குறைவு. சிறுவாணி வீட்டுக்கு இது கைக்கு எட்டுகிற விஷயம். போர் தண்ணீரை நேராக ஊற்றினால் குளோரின் தயாரிக்கும் செல்லில் சுண்ணாம்பு படிந்து, எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அதுவே முதலில் படுத்துவிடும். தோட்டத்து வீட்டுக்கு ஹாட் ஸ்பிரிங் வாங்கினாலும் உப்பு வசதி இல்லாமல் வாங்குங்கள்.

ஜக்குஸியும் அதன் சகோதர பிராண்டான சன்டான்ஸும் தண்ணீரைச் சுத்தமாக வைக்கப் புற ஊதா விளக்கைத் துணைக்கு வைக்கின்றன. விளக்கு இருந்தாலும் குளோரினோ புரோமினோ போடத்தான் வேண்டும். இந்த முறைக்குத் தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே போர் தண்ணீர்க்காரர்களுக்கு இவை ஒரு படி மேல் என்று நினைக்கிறேன்.

ஜக்குஸியின் கதை கோவைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன அண்ணன் தம்பிகள் 1915இல் விமானத்துக்குப் புரொப்பெல்லர் செய்யத் தொடங்கி, அப்புறம் விவசாயக் கிணறுகளுக்கு ஜெட் பம்ப் செய்தவர்கள். சகோதரர்களில் ஒருவரான கேண்டிடோவின் மகனுக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் கொடுத்த நீர் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, குளியல் தொட்டிக்குள் வைக்கிற ஒரு பம்ப்பை உருவாக்கினார்கள். அது 1956இல் விற்பனைக்கு வந்தது. ஜெட்டைத் தொட்டியின் சுவரிலேயே பதித்த டப் 1968இல் வந்தது. ஆக, இது பம்ப்காரர்கள் கண்டுபிடித்த பொருள். தோல், மரம், அலங்கார விளக்கு என்று என்ன போர்த்தியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், இரண்டையும் இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டு ஒன்று, நிறையக் குழாய்.

அதனால்தான் எந்த பிராண்ட் டப்பாக இருந்தாலும் அதன் பக்கவாட்டுப் பலகையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்த ஊர் இது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், பேரிங் மாற்றுகிறவர், சீல் மாற்றுகிறவர் கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். காங்கயத்திலும் வெள்ளகோவிலிலும்கூட இருக்கிறார்கள். ஒரு டப்பின் பம்ப்பைப் படம் எடுத்து, எங்களுக்குப் பழக்கமான ஒரு காயில் கட்டும் கடையில் காட்டினேன். அந்த அண்ணன் பெயர்ப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு ஸ்பீடு மோட்டாருங்க. கேபாசிட்டர், பேரிங், காயில் எதுன்னாலும் பண்ணிக் குடுத்துரலாமுங்க. போர்டு போச்சுன்னா மட்டும் என்கிட்ட வராதீங்க.” இதைவிடச் சுருக்கமாக இந்தப் பிரச்சினையை யாரும் சொல்ல முடியாது.

போர்டில்தான் பிராண்டுகள் பிரிகின்றன. பெரிய அமெரிக்க பிராண்டுகள் தங்கள் டப்புக்கென்றே வடிவமைத்த கட்டுப்பாட்டுப் பெட்டியை வைக்கின்றன. போனால் அதே பிராண்ட் டீலர் வழியாகத்தான் வர வேண்டும். சீனாவில் செய்கிற நடுத்தர விலை அக்ரிலிக் டப்களில் பலவற்றில் பல்போவா அல்லது கெக்கோ பெட்டிதான் இருக்கும். இவை உலகம் முழுக்கப் பல கம்பெனி டப்களில் உட்கார்ந்திருக்கிற பொதுப் பாகங்கள். மாடல் எண்ணைச் சொன்னால் எங்கிருந்தும் வரவழைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத சீன டப் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் போர்டுக்கும் பம்ப்புக்கும் பெயர் இருந்தால், தோட்டத்து வீட்டுக்கு அதுதான் நீண்ட நாள் உழைக்கும் என்பது என் கருத்து. போர்டில் பெயரே இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, டப் எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற மகனோ மருமகனோ ஒரு டப்பைக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பலாம் என்று சொல்வதுண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், ஜெட்டின் வேகமும் தளர்ந்துவிடும். அதோடு அங்குள்ள சில டப்களில் உள்ளே பாதிப் பாகம் 120 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி ஒயரிங் இருக்கும். நம் 230 வோல்ட்டை அதில் தப்பாகக் கொடுத்தால் அன்றைக்கே முடிந்தது. ஐரோப்பாவுக்கென்று செய்த 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாடல்தான் நமக்குச் சரி. எல்லாப் பெரிய பிராண்டிலும் அது உண்டு.

கிராமத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்குகிற நேரங்கள் இருக்கும். அப்போது 3 கிலோவாட் ஹீட்டர் இரண்டு கிலோவாட்டுக்கும் குறைவாகத்தான் சூடு தரும். மோட்டார் வேறு திணறும். டப்புக்கென்று தனி எம்சிபி, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த், தேவைப்பட்டால் ஸ்டெபிலைசர் எல்லாம் போட வேண்டும். தண்ணீருக்குள் உட்காருகிற இடம். ஆர்சிசிபி இல்லாமல் யாராவது இணைப்புக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்தில் பம்ப்செட்டுக்கு வந்திருக்கிற இலவச மின் இணைப்பிலிருந்து இழுக்கவும் கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும். வீட்டு இணைப்பில்தான் போட வேண்டும்.

மின்செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும். 1,200 லிட்டர் டப்பை 27 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 18 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஆறு மணி நேரம். இது தண்ணீர் மாற்றுகிற அன்றைய செலவு. மற்ற நாட்களில் இழந்த சூட்டை மட்டும் ஈடுகட்டினால் போதும். கவனிக்க வேண்டியது நம் மின் கட்டண முறையை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை; கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விகிதமும் போய்விடும். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீடு என்றால் இதையும் சேர்த்துப் பாருங்கள். கூரையில் சோலார் இருந்தால் பகலில் சூடேற்றும்படி டைமர் வைத்துக்கொள்ளலாம்.

சூடு காப்பதில் ஹாட் ஸ்பிரிங்கை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். உடல் முழுக்க ஃபோம் நிரப்பிய டப் அது. ஆனால் கோவையிலும் ஈரோட்டிலும் பங்குனி, சித்திரையில் இதுவே எதிராகத் திரும்பும். ஃபில்டருக்காக ஓடுகிற பம்ப்பின் சூடும் தண்ணீருக்குள்ளேயே தங்கும். வெளியே 37, 38 டிகிரி அடிக்கும்போது அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி இல்லை. நீங்கள் 36 என்று வைத்தாலும் தண்ணீர் 39, 40 என்று ஏறி நிற்கும். ஹாட் ஸ்பிரிங்கே தன் சில மாடல்களுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கிற கூல்ஸோன் என்ற கூடுதல் கருவியை வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் ஃபில்டர் ஓடுகிற நேரத்தைக் குறைத்து, ராத்திரி மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சமாளிக்க வேண்டும். சமவெளி வீட்டுக்கு நடுத்தரக் காப்பு உள்ள டப்பே போதும். ஊட்டி, குன்னூர், வால்பாறை, ஏற்காடு பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அமெரிக்க வரிசை அப்படியே பொருந்தும். மார்கழியில் உறைபனி விழுகிற ஊட்டியில் நல்ல காப்பும் கனமான மூடியும் உள்ள டப்புக்குக் கொடுக்கிற பணம் வீண்போகாது.

புல்ஃப்ராக் யூட்டா மாநிலத்துக் கம்பெனி. ஒவ்வொரு இருக்கைக்குப் பின்னாலும் இருக்கிற ஜெட் தொகுதியை அப்படியே கழற்றி வேறு இருக்கைக்கு மாற்றலாம். கழுத்து வலிக்காரருக்கு ஒன்று, இடுப்பு வலிக்காரருக்கு ஒன்று என்று வீட்டாளுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு அடைத்தால் அந்தத் தொகுதியை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யலாம் என்பது நமக்குக் கூடுதல் லாபம். சட்டகத்தில் மரமே இல்லை, எல்லாம் வார்த்த பிளாஸ்டிக். தோட்டத்து வீட்டில் கரையான் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எந்த பிராண்டாக இருந்தாலும் சட்டகம் மரமா, இரும்பா, பிளாஸ்டிக்கா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டீலர் தூரத்தில் இல்லையென்றால், அமெரிக்க பிராண்டுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

காற்றடைக்கிற டப்களில் இன்டெக்ஸின் பியூர்ஸ்பா, பெஸ்ட்வேயின் லே-இசட்-ஸ்பா இரண்டும்தான் பிரபலம். அமெரிக்க விலையில் 500 முதல் 1,000 டாலருக்குள் கிடைக்கும். பெரிய பிராண்டுகளின் உயர் மாடல்கள் 10,000 டாலருக்கு மேல். நாலு பேர் உட்காருகிற பியூர்ஸ்பாவுக்கு ஏறத்தாழ 800 லிட்டர் தண்ணீர் போதும். கடின நீரைச் சமாளிக்க ஒரு அமைப்பை இன்டெக்ஸ் உள்ளேயே வைக்கிறது; அதை மட்டும் நம்பிப் போர் தண்ணீரை ஊற்றச் சொல்லமாட்டேன். பெரும்பாலான மாடல்களில் வருவது காற்றுக் குமிழி, அழுத்தமான நீர்த்தாரை அல்ல. வலி உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும். நம் வெயிலில் வினைல் சீக்கிரம் விறைக்கும். எலி கடிக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிப் பக்கம் எப்படி வீசும் என்று சொல்லத் தேவையில்லை. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் இதன் மூடி எம்மாத்திரம்? வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், உண்மையிலேயே நாம் இதைத் தினமும் பயன்படுத்துவோமா என்று ஆறு மாதம் பார்க்க நினைப்பவர்களுக்கும் சரியான பொருள். போர்டிகோவிலோ கூரை உள்ள திண்ணையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தென்னைமரத்தடியில் மட்டும் எந்த டப்பையும் வைக்காதீர்கள். மட்டை ஒன்று விழுந்தாலே மூடி கிழியும், தேங்காய் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

மாடியில் வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். நாலைந்து பேர் உட்காருகிற டப், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 2 டன். நாலு சதுர மீட்டரில் அது நிற்கும்போது சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆள் நடமாடுகிற வீட்டு மொட்டை மாடிக்கு, கட்டடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 875 வைத்திருக்கிற கணக்கு ஏறத்தாழ 150 கிலோதான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் மாடியில் வைக்கக் கூடாது. மேஸ்திரி ‘தாங்குமுங்க’ என்று சொல்வது போதாது.

அம்மாவுக்கென்று யோசித்தபோதுதான் இன்னொரு வகை கண்ணில் பட்டது. கோலர், ஜாகுவார் மாதிரி கம்பெனிகள் விற்கிற, ஜெட் வைத்த வேர்ல்பூல் பாத்டப். குளியலறைக்குள் வைப்பது, ஒருவர் உட்கார்ந்து குளித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவது. கோலர் 1873இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி, குஜராத்தில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. ஜாகுவார் நம் நாட்டுக் கம்பெனி. 1960 முதல் குழாய் வியாபாரத்தில் இருக்கிறது, அதன் பொருள் விற்காத ஊர் கொங்கில் குறைவு. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் என்பதால் குளோரின், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பார்க்கிற வேலை இல்லை. அறுபதைத் தாண்டியவர்கள் இருவர் மட்டும் இருக்கிற வீட்டில் வாரத்துக்கு ரெண்டு மூன்று முறை டெஸ்ட் ஸ்டிரிப் முக்கி, 7.2க்கும் 7.8க்கும் நடுவில் பிஎச் இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? பார்க்காமல் விட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி பெருகி, தோலில் தடிப்பு முதல் லீஜியோனெல்லா நுரையீரல் தொற்று வரை வரலாம். சோலார் ஹீட்டர் தண்ணீரையே இதற்கு விடலாம். படி ஏறி உள்ளே இறங்குகிற உயரமும் குறைவு. பக்கத்தில் கைப்பிடி வைத்துக்கொள்ளலாம். தினமும் குளித்தால் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும் என்பது மட்டுமே குறை. குடும்பமாக உட்கார்ந்து பேச முடியாது என்பதை அம்மா ஒரு குறையாகவே எண்ணவில்லை. அப்பா அம்மா வீட்டுக்கு இதைத்தான் முடிவு செய்தோம்.

எதை வாங்கினாலும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதல் தடவை பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தோட்டத்து வீட்டில் பிள்ளைகள் எந்த நேரம் எங்கே ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது.

காங்கயத்துக்கு முடிவு செய்தது: பல்போவா பெட்டி உள்ள 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அக்ரிலிக் டப், நாலு பேருக்கு. இரும்புச் சட்டகம் துரு பிடிக்கும் என்று அதை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் அடித்தட்டு உள்ளதைக் கேட்டோம். மச்சானுக்கு ஜக்குஸி மேல் ஒரு கண் இருந்தது. “பேரு இருக்குதே மாப்ள” என்றார். பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் தோட்டத்துக்கு வருவார் என்று அந்த பிராண்ட் விற்கிறவரிடம் கேட்கச் சொன்னேன். எழுத்தில் பதில் வரவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எழுத்தில் தருகிற டீலர் உங்களுக்குக் கிடைத்தால், போர் தண்ணீர் வீட்டுக்கும் ஜக்குஸியோ சன்டான்ஸோ தாராளமாக வாங்கலாம்.

டப்புக்கு முன்னால், தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கிற சாஃப்ட்னர் வாங்கியாகிவிட்டது. அதற்கு உப்புப் போட்டு ரீசார்ஜ் செய்ய வேண்டும். டிடிஎஸ் அதனால் குறையாது, சுண்ணாம்பு மட்டும்தான் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான். குளோரினுக்குக் கிணற்றில் போடுகிற பிளீச்சிங் பவுடரைப் போட வேண்டாம் என்று தோட்டத்து ஆட்களிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அது திரும்பவும் கால்சியத்தைத்தான் சேர்க்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றும்போது, ரெண்டு நாள் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டிரிப்பில் குளோரின் பூஜ்யம் என்று காட்டிய பிறகுதான் வாய்க்காலில் விட வேண்டும். சாஃப்ட்னர் வழியாக வந்த தண்ணீரில் சோடியம் கூடுதலாக இருக்கும். காய்கறிப் பாத்திக்கு அதை விடாமல் வேலியோரம் திருப்பிவிட அக்கா ஏற்கெனவே ஒரு குழாய் போட்டுவிட்டாள்.